பழைய கார்னா பெட்ரோல் வாசம் வரத்தான் செய்யுமா?

எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.

இந்த வாரம் கோடிங் இல்ல, ஏஐ இல்ல, அப்ரைசல் புலம்பலும் இல்ல. இன்னைக்கு முழுக்க ஒரு பெட்ரோல் டேங்க் பத்திப் பேசப்போறோம். ஹெட்போனைக் கழட்டிராதீங்க, விஷயம் இருக்கு.

நம்ம வயசுல நிறைய பேர் இப்போ பழைய கார் பக்கம் திரும்பியிருக்காங்க. தாத்தாவோட பத்மினி, யாரோ வித்த அம்பாசிடர், கொட்டகையில துணி போர்த்திக் கிடந்த ஹெரால்டு. எடுத்து ரிப்பேர் பண்ணி, பெயின்ட் அடிச்சு, ரீல்ஸ் போட்டு முடிச்சாச்சு. அதுக்கப்புறம் வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஒரு நாப்பது கிலோமீட்டர் போனா, பின் சீட்டுல இருந்து ஒரு குரல் வரும்: "என்னப்பா இது, பெட்ரோல் பங்க்ல உக்காந்த மாதிரி இருக்கு?" அதுக்கு எல்லா ஊர்லயும் ஒரே பதில்தான். "பழைய கார்னா அப்படித்தான் இருக்கும்."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கல. அந்த கார் ஷோரூம்ல இருந்து வெளிய வந்த அன்னைக்கு உள்ள அப்படி நாறியிருந்தா யாரும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டாங்க. வாசம் வருதுன்னா எங்கயோ கசியுது, இல்லன்னா போக வேண்டிய இடத்துக்குப் போகாம உள்ள வருது. ரெண்டையும் கண்டுபிடிக்கலாம், சரி பண்ணலாம். எங்க வீட்டு காரை வச்சே சொல்றேன்.

எங்க அப்புச்சி வீடு ஏற்காட்டுல, ஒண்டிக்கடையில இருந்து நடந்து போற தூரம். பேருதான் ஒண்டிக்கடை, இன்னைக்கு அந்த ரவுண்டானாவுல நின்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைதான். அங்க கொட்டகையில இருக்கிறது அப்புச்சி வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு மார்க் 3.

ஹெரால்டு பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். அந்தக் காலத்துல இந்தியாவுல கார்னா மூணுதான். அம்பாசிடர் கல்கத்தா பக்கம், ஃபியட் பம்பாய், ஸ்டாண்டர்டு நம்ம மெட்ராஸ். வண்டலூர்ல தொழிற்சாலை. இங்கிலாந்து ட்ரயம்ஃப் ஹெரால்டைத்தான் 1961-ல இருந்து இங்க செஞ்சாங்க. வடிவமைச்சவர் ஜியோவான்னி மிக்கெலொட்டி என்ற இத்தாலிக்காரர். 948 சிசி எஞ்சின். அந்தக் கம்பெனி கடைசியா விட்ட ஸ்டாண்டர்டு 2000 ஓடாமப் போய், 1988-ல கதை முடிஞ்சது. மெட்ராஸ்ல பொறந்த காரைத் தமிழ்நாட்டுலயே பாதிப் பேர் மறந்துட்டாங்கன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

நமக்கு இப்போ முக்கியமான விஷயம் ரெண்டு. ஒண்ணு, ஹெரால்டுல பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு உள்ளேயே ஒரு ஓரமா நிக்குது. அடியில தொங்கல, நம்ம பெட்டி வைக்கிற அதே அறையில இருக்கு. ரெண்டு, இந்த காரோட உடம்பு ஒரே துண்டு கிடையாது. தனிச் சட்டகம், அது மேல போல்ட் போட்டு முடுக்கின பகுதிகள். அதனால இணைப்பு இருக்கிற இடமெல்லாம் ரப்பர் தேவை. அம்பது வருஷத்துல ரப்பர் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. டிக்கிக்கும் பின் சீட்டுல உக்காந்திருக்கிற ஆளோட முதுகுக்கும் நடுவுல இருக்கிறது சீட்டுப் பஞ்சும் ஒரு ஹார்ட்போர்டு அட்டையும்தான்.

சனிக்கிழமை காலையில மாமா காரை எடுத்துட்டு சேலம் இறங்கி வருவார். அம்மா, அம்மாயி, அக்கா, அக்கா பையன், நான் எல்லாம் ஏறுவோம். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறுறதுக்குள்ள அக்கா பையன் வாந்தி எடுப்பான். அம்மாயி முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு கண்ணை மூடிருவாங்க. மேல போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் படுத்துத்தான் எழுந்திரிப்பாங்க. மாமா சொல்றது எப்பவும் இதுதான்: "வளைவு மாப்ள. இருபது கொண்டை ஊசி. யாருக்கா இருந்தாலும் தலை சுத்தத்தானே செய்யும்."

நியாயமான பேச்சுதான். ஆனா அதே பையன் ஒரு தடவை பஸ்ல மேல வந்தான். அதே இருபது வளைவு, காரைவிட ஆட்டம் அதிகம். முறுக்கு பாக்கெட்டை முழுசா காலி பண்ணிட்டு இறங்கினான். அதோட, கார்ல மலை இறங்கும்போது யாரும் வாந்தி எடுத்ததே இல்ல. வளைவு ஏறும்போதும் இருபது, இறங்கும்போதும் இருபதுதானே? நம்ம வேலையில இப்படி ஒரு பக் ரிப்போர்ட் வந்தா என்ன பண்ணுவோம்? ரெண்டு சூழ்நிலைக்கும் நடுவுல என்ன மாறுதுன்னு பார்ப்போம்.

ஒரு இஎஸ்பி32 போர்டு, ஒரு எம்க்யூ வகை கேஸ் சென்சார், ஒரு காற்றழுத்த சென்சார். மூணையும் சேர்த்து பின் சீட்டுல கட்டி வச்சேன். ஒரு எச்சரிக்கை: இந்த எம்க்யூ சென்சாருக்குள்ள சூடாகுற கம்பி இருக்கு. அதை டிக்கிக்குள்ளயோ டேங்க் பக்கத்துலயோ கொண்டு போகாதீங்க. அது காட்டுற எண்ணையும் வேதவாக்கா எடுத்துக்க முடியாது. ஏறுதா இறங்குதான்னு பார்க்க மட்டும்தான் லாயக்கு. எனக்கு அதுவே போதும். அடிவாரம் வரைக்கும் படுத்துக் கிடந்த கோடு, ஏற ஆரம்பிச்சதும் தலை தூக்கிச்சு. கொண்டை ஊசியில திரும்பும்போதெல்லாம் அதுமேல ஒரு சின்ன கூம்பு. இறங்கும்போது கோடு கிட்டத்தட்ட தூங்கிட்டுத்தான் வந்தது.

இது ஏன்னு புரியணும்னா, ஒண்டிக்கடையில ஏதாவது பெட்டிக்கடை முன்னாடி நின்னு தொங்குற சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்க. சேலத்துல சாதாரணமா இருக்கிற பாக்கெட், இங்க வெடிக்கிற மாதிரி உப்பியிருக்கும். உள்ள இருக்கிற காற்று அதேதான்; வெளிய இருக்கிற அழுத்தம் குறைஞ்சிருச்சு. சேலம் கடல்மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கீழ காற்றழுத்தம் 980 ஹெக்டோபாஸ்கல் பக்கம் இருந்தா, மேல 850 பக்கம். 13 சதவீதம் குறையுது.

இப்போ டேங்க்ல 15 லிட்டர் காலி இடம் இருக்குன்னு வைங்க. அங்க இருக்கிற வாயு, மேல போனதும் 17 லிட்டருக்கு மேல இடம் கேட்கும். டேங்க் என்ன சிப்ஸ் பாக்கெட்டா, உப்புறதுக்கு? மிச்ச ரெண்டு லிட்டர் வெளிய வந்தே ஆகணும். அதுவும் வெறும் காற்று இல்ல, கணிசமான பங்கு பெட்ரோல் ஆவி. அது வெளிய போகப் போக, உள்ள இருக்கிற பெட்ரோல் இன்னும் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். அதனால நிஜத்துல வெளிய வர்றது இந்தக் கணக்கைவிட அதிகமாத்தான் இருக்கும். ஏறும்போது கார் மூக்கைத் தூக்கிட்டுப் போறதால பெட்ரோல் டேங்கோட பின்பக்கம் சாயுது. ஒவ்வொரு வளைவுலயும் பக்கவாட்டுல அலையடிக்குது. இறங்கும்போது எல்லாம் தலைகீழ். வெளி அழுத்தம் கூடிட்டே வரும், டேங்க் மூச்சை உள்ள இழுக்கும். அதனாலதான் வாசம் இல்ல.

ஆக, மலை ஏறுற டேங்க் மூச்சு விடும். அதுல தப்பே இல்ல. எங்க கார்ல அந்த மூச்சு பின் சீட்டுக்குள்ள விடப்பட்டுச்சு, அதுதான் பிரச்சினை.

இதுக்கு நிறைய பேர் பண்ற வைத்தியம், மூச்சுக்குழாயையே அடைச்சிடுறது. மூடியில இருக்கிற சின்ன ஓட்டையை எம்-சீல் வச்சு மூடிட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும். அடைச்சா என்ன ஆகும்? எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச டேங்க்குள்ள வெற்றிடம் உண்டாகும். ஒரு கட்டத்துல பம்ப்பால இழுக்க முடியாது. வண்டி ஏதாவது ஒரு வளைவுல, பின்னாடி பஸ் ஹாரன் அடிக்க, நின்னுரும். வெயில்ல நிறுத்தியிருந்தா நேர் எதிர்: டேங்க்குள்ள அழுத்தம் ஏறி, பெட்ரோல் கார்புரேட்டர் வரைக்கும் தள்ளிட்டுப் போய் அங்க வழியும். சூடான எஞ்சின் மேல பெட்ரோல் வழியுறது டிக்கி வாசத்தைவிட எவ்வளவோ மோசம்.

சேலத்துல செவ்வாய்ப்பேட்டை பக்கம் பழைய வண்டி பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். அறுபது தாண்டினவர். நான் கிராஃபை எல்லாம் காட்டினேன். பொறுமையா பார்த்துட்டு சொன்னார்: "தம்பி, டேங்க்கு மூச்சு விடோணுமுங்க. மூக்கைப் பொத்தாதீங்க. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பி வைங்க." என்னோட மூணு வார டேட்டாவை மனுஷன் ஒரே வரியில முடிச்சுட்டார்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல எங்க கசியுதுன்னு தேடணும். இதுல உங்க மூக்கை நம்பாதீங்க. பெட்ரோல் வாசத்துக்கு மூக்கு சில நிமிஷத்துல பழகிடும். தினமும் ஓட்டுற ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. "எனக்கு ஒண்ணும் வரலையே மாப்ள"ன்னு மாமா சொன்னது பொய் இல்ல, அவருக்கு நிஜமாவே வரல. ராத்திரி முழுக்க டிக்கியை மூடி வச்சுட்டு, காலையில கார் பக்கமே வராத ஒருத்தரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுல அம்மாயி. வாசம் எந்த மூலையில தூக்கலா இருக்குன்னு அவங்க கை காட்டின இடத்துல இருந்து தேடத் தொடங்கினோம்.

தேட வேண்டிய முதல் இடம் மூடி. மூடிக்குள்ள ஒரு வாஷர் இருக்கும், கார்க் இல்லன்னா ரப்பர். காய்ஞ்சு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். அடுத்தது, பெட்ரோல் ஊத்துற வாயையும் டேங்க்கையும் இணைக்கிற தடித்த ரப்பர் குழாய். எங்க கார்ல முக்கியமான குற்றவாளி இதுதான். மேல் பக்கம் பார்த்தா நல்லா இருந்துச்சு. கழட்டி மடக்கிப் பார்த்தா அடிப்பக்கம் முழுக்க வெடிப்பு. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு ஏறும்போது அந்த வெடிப்பு வரைக்கும் பெட்ரோலே வந்து நிக்கும். அப்புறம், பெட்ரோல் அளவு காட்டுற யூனிட் டேங்க்ல உக்கார்ற இடம். அதுக்கும் ஒரு கேஸ்கெட் உண்டு. அங்க ஈரம் தெரியாது, ஆனா சுத்தி ஒரு பழுப்புக் கறை வளையம் இருந்தா அங்க கசிவு இருக்குன்னு அர்த்தம். கேஸ்கெட் மாத்தும்போது கடையில கிடைக்கிற சாதாரண சிலிக்கான் பசையைத் தடவாதீங்க. பெட்ரோல்ல அது ஊறிப் பிய்ஞ்சு, துணுக்கு துணுக்கா ஃபில்டருக்குப் போயிரும்.

குழாய்க்கு வந்தா இன்னொரு சங்கதி. இப்போ பங்க்ல கிடைக்கிற சாதாரண பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால். இந்த கார்களைச் செஞ்சப்போ இப்படி ஒரு பெட்ரோல் யார் கனவுலயும் இல்ல. பழைய ரப்பர் இதுல ஊறிப் பெருக்கும், அப்புறம் காய்ஞ்சு வெடிக்கும். அதைவிட நுணுக்கமான விஷயம், வெடிப்பே இல்லாம, கையில ஈரமே படாம, ரப்பரோட உடம்பு வழியாகவே ஆவி ஊடுருவி வெளிய வரும். ஒரு சுத்தமான காட்டன் துணியால குழாயை அழுத்தித் துடைச்சு, துணியைத் தனியா எடுத்துட்டுப் போய் மோந்து பாருங்க. துணியில பெட்ரோல் வாசம் இருந்தா குழாயோட காலம் முடிஞ்சது. மாத்தும்போது குழாய் மேல அச்சடிச்சிருக்கிறதைப் படிங்க. எஸ்ஏஇ ஜே30 ஆர்6, ஆர்7 எல்லாம் நைட்ரைல் வகை. ஆர்9-னு போட்டிருந்தா உள்பூச்சு வைட்டான் மாதிரியான ஃப்ளோரோ ரப்பர். எத்தனாலுக்குத் தாங்கும், ஆவியும் அவ்வளவா ஊடுருவாது. மீட்டருக்கு விலை கூடத்தான். ஒரு காருக்கு மொத்தமா எத்தனை மீட்டர் வேணும், யோசிச்சுப் பாருங்க.

டேங்க்லயே பொத்தல்னா? தையல் ஓரங்கள்ல, அடிப்பாகத்துல துரு தின்னு ஊசிமுனை ஓட்டை விழும். நடுவழியில குளியல் சோப்பை அழுத்தித் தேய்ச்சு வீடு வந்து சேர்றது நம்ம ஊர் பழைய வித்தை, வேலையும் செய்யும். ஆனா அது வீடு வர்ற வரைக்கும்தான். இங்கதான் நான் ரொம்ப சீரியஸா ஒண்ணு சொல்லணும். டேங்க்கைக் காலி பண்ணிட்டோம், இனி வெல்டிங் வைக்கலாம்னு மட்டும் யாரும் கிளம்பிடாதீங்க. காற்றுல பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் இருந்தாத்தான் பத்தும். நிறைஞ்ச டேங்க்ல ஆவிக்கு இடமே குறைவு, இருக்கிறதும் அந்த வரம்பைவிட அடர்த்தி. காலி டேங்க்ல ஒரு கைப்பிடி பெட்ரோல் ஒட்டியிருந்தாலே போதும், காற்றோட கலந்து வெடிக்கிற பதத்துக்கு வந்துரும். தெரிஞ்சவங்க அதைச் சுடுதண்ணி, நீராவி விட்டு நல்லா கழுவி, வேலை பார்க்கிற இடம் தவிர மிச்சத்துல தண்ணி நிரப்பிட்டுத்தான் நெருப்பைக் கிட்ட கொண்டு போவாங்க. இதை வீட்டு வாசல்ல வச்சு முயற்சி பண்ணாதீங்க.

கசிவெல்லாம் முடிஞ்ச பிறகுதான் மூச்சுக்குழாய். எங்க கார்ல யாரோ எப்பவோ பார்த்த வேலையில, அது டிக்கிக்குள்ளயே முடிஞ்சிருந்தது. இப்போ டேங்க் உச்சியில இருந்து குழாயை டிக்கியில முடிஞ்ச அளவு மேல கொண்டு போய், ஒரு வளையம் அடிச்சு, அப்புறம் கீழ இறக்கி, தரை வழியா வெளிய விட்டிருக்கு. உயரமான வளையம் எதுக்குன்னா, வளைவுல அலையடிக்கிற பெட்ரோல் அதைத் தாண்டி வெளிய சிந்தக்கூடாது. நடுவுல, வண்டி கவிழ்ந்தா அடைச்சுக்கிற சின்ன வால்வு ஒண்ணு. வெளிய முடியுற இடம் சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கம். தரையில புதுசா ஓட்டை போடல, ஏற்கெனவே இருந்த ரப்பர் மூடித் துளையைத்தான் பயன்படுத்தினோம். 2021-ல வந்த விதிப்படி, அம்பது வருஷம் தாண்டின வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ணி 'விஏ' நம்பர் வாங்கலாம். ஆனா சட்டகம், உடம்பு, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அதனால எதைச் செஞ்சாலும் கழட்டினா பழையபடி ஆகணும்ங்கிறது என் கொள்கை.

கடைசியா தடுப்பு. பின் சீட்டைக் கழட்டி, மக்கிப்போன அட்டைக்குப் பதிலா மெல்லிய அலுமினியத் தகடு, ஓரமெல்லாம் ரப்பர் பீடிங், ஒயர் போற துளைக்கெல்லாம் குரோமெட். டிக்கி மூடிக்கும் புது பீடிங். ஜன்னலைத் திறந்து வச்சு ஓட்டினா, பழைய கார்ல உள் அழுத்தம் குறைஞ்சு, டிக்கியில இருக்கிறதை சீட்டு வழியா உள்ள இழுக்க வாய்ப்பிருக்கு. அதாவது, வாசம் வருதுன்னு நாம கண்ணாடியை இறக்குறோம், அது இன்னும் கொஞ்சம் ஆவியை உள்ள கூப்பிடுது. இந்தத் தடுப்புதான் அதுக்கு மருந்து. ஆனா வரிசையை மாத்திராதீங்க. கசிவை நிறுத்தாம டிக்கியை மட்டும் இறுக்கமா அடைச்சா, ஆவி சேர்ற பெட்டி ஒண்ணைச் செஞ்சு முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டதா ஆகும். டிக்கி தரையில இருக்கிற வடிகால் துளைகளைத் திறந்தே வைங்க. ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபரை டேங்க் இருக்கிற டிக்கியில மாட்டுற ஆசை இருந்தா, தயவுசெஞ்சு அந்த ஆசையை வேற காருக்கு மாத்திக்கோங்க.

இதெல்லாம் பண்ணின பிறகும் ஒரு பழக்கம் மாறணும். பங்க்ல ஆட்டோ கட்-ஆஃப் ஆனதும் "ரவுண்டா போட்ருவா சார்?"னு ஒரு கேள்வி வரும். வேண்டாம்னு சொல்லுங்க. பூமிக்கடியில குளிர்ச்சியா இருந்த பெட்ரோல் உங்க டேங்க்ல சூடாகும்போது, பத்து டிகிரிக்கு ஒரு சதவீதம் வரைக்கும் விரியும். 30 லிட்டர் 15 டிகிரி சூடேறினா, கிட்டத்தட்ட அரை லிட்டர் இடம் கேட்கும். கழுத்து வரைக்கும் நிரப்பிட்டு மலை ஏறினா அது எங்க போகும்?

இப்போ இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்ங்கிற விஷயத்துக்கு வரேன். வாந்தியும் தலைவலியும் ஒரு பக்கம். பெட்ரோல்ல பென்சீன் இருக்கு. மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் வகைப் பட்டியல்ல இருக்கிற பொருள். நம்ம நாட்டு பெட்ரோல்ல அதுக்கு ஒரு சதவீதம்தான் உச்சவரம்பு. குறைவுதான், ஆனாலும் மூடின கார்ல ஏழு வயசுப் பையன் அதைத்தான் மூச்சிழுக்கணுமா?

என்னைத் தூங்கவிடாத விஷயம் கொட்டகை. ஏற்காட்டுல பழைய வீடுகள்ல பின்பக்கம் வெந்நீர் அடுப்பு இருக்கும். அந்தக் குளிருக்கு விடியக்காலம் விறகு வச்சு மூட்டுவாங்க. எங்க வீட்டுல அந்த அடுப்புக்கும் கார் நிக்கிற கொட்டகைக்கும் நடுவுல ஒரே சுவர். சுவருக்கு அடியில கொட்டகை கழுவுற தண்ணி போற சாக்கடை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூணு நாலு மடங்கு கனம். மேல எழும்பாது, தண்ணி மாதிரி தரையோட ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். மைனஸ் நாப்பது டிகிரியிலயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற பொருள் அது, ஏற்காடு குளிரெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல. பகல்ல தகரக் கூரை சூடாக டேங்க் மூச்சு விடும், ராத்திரி இழுக்கும். தினமும் இதே கதை. விடிகாலையில அம்மாயி குத்த வச்சு தீக்குச்சி உரசுற இடம், அந்த சாக்கடை முடியுற இடத்துல இருந்து நாலு அடி.

வண்டி வேலை முடியுறதுக்கு முன்னாடியே அடுப்பை வீட்டோட இன்னொரு பக்கத்துக்கு மாத்தினோம். சாக்கடை வழியை அடைச்சு, கொட்டகைச் சுவர்ல தரையை ஒட்டி, எதிர்த்திசையில ரெண்டு ஜாலி வச்சோம். மாமாவுக்கு முதல்ல சிரிப்புதான். "நாப்பது வருஷமா ஒண்ணும் ஆகலையே?" நான் வாதம் பண்ணல. ஒரு பக்கெட் தண்ணியைக் கொட்டகையில கார் டிக்கிக்குக் கீழ ஊத்தினேன். அது நேரா எங்க போகுதுன்னு ரெண்டு பேரும் நின்னு பார்த்தோம். மறுநாள் கொத்தனாரை அவரே கூட்டிட்டு வந்தார்.

கொட்டகையில விடுற மூச்சைக் குறைக்க ஒரு வழி இருக்கு, கேனிஸ்டர். ஒரு டப்பா நிறைய கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். டேங்க் விடுற ஆவியை அது பிடிச்சு வச்சுக்கும். எஞ்சின் ஓடும்போது அதுவழியா காற்று இழுத்து, பிடிச்சதை எரிச்சிடும். கலிஃபோர்னியாவுல 1970 மாடல்ல இருந்து, அமெரிக்கா முழுக்க 1971-ல இருந்து கார்களுக்கு இது மாதிரி ஏற்பாடு கட்டாயம். நம்ம ஊர்ல பெட்ரோல் கார் புகைக்கே முதல் விதி அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் வந்தது. ஹெரால்டுக்கெல்லாம் இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. மூச்சுக்குழாயை முன்பக்கம் கொண்டு வந்து கேனிஸ்டர்ல சேர்த்து, அதோட இன்னொரு வாயை ஏர் கிளீனருக்குக் கொடுத்திருக்கேன். மூணாவது வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கணும், அதை அடைச்சா மறுபடி பழைய கதைதான். காயலான் கடையில பழசு கிடைக்கும். தூக்கிப் பார்த்து கனமா இருந்தா, பெட்ரோல் குடிச்சு செத்துப்போன டப்பா, விட்டுட்டு வந்துருங்க. வாரத்துக்கு ஒரு நாள் ஓடுற காருக்கு இது கட்டாயமான்னு கேட்டா, வெளியில காற்றாட நிறுத்துறீங்கன்னா தேவையில்லன்னுதான் சொல்வேன். வீட்டை ஒட்டின கொட்டகைனா வைங்க.

ஒரு முக்கியமான விஷயம். இவ்வளவும் பெட்ரோல் வாசத்துக்கு. புகை வாசம் வேற. சைலன்சர் ஓட்டையாகி புகை உள்ள வந்தா அதோட கார்பன் மோனாக்சைடும் வரும், அதுக்கு வாசமே கிடையாது. பெட்ரோல் நாத்தம் போன பிறகும் பின் சீட்டுல தலைவலி நீடிச்சா, அன்னைக்கே சைலன்சரைப் பாருங்க.

வேலை முடிஞ்சு முதல் தடவை ஏறினப்போ, சென்சார் கோடு அடிவாரத்துல இருந்து ஒண்டிக்கடை வரைக்கும் கிட்டத்தட்ட நேரா வந்தது. அம்மாயி கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வந்தாங்க. வழியில ஒரு வளைவுல குரங்கு ஒண்ணு குட்டியோட உக்காந்திருக்குன்னு எங்களுக்குக் காட்டினதே அவங்கதான். அக்கா பையன் மட்டும் மறுபடி வாந்தி எடுத்தான், ஆனா அது கிளம்பறதுக்கு முன்னாடி சாப்பிட்ட ஆறு பூரிக்காக. அடுத்த ரெண்டு தடவை எடுக்கல.

இன்னும் ஒரு வாசம் பாக்கி இருக்கு. மேல வந்து எஞ்சினை நிறுத்தினதும் பானெட் பக்கம் ஒரு பத்து நிமிஷம் வரும். அது டேங்க் இல்ல. எஞ்சின் சூட்டுல கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல் கொதிக்கிறது. மெக்கானிக் அண்ணன் அதுக்கு ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வெட்டித் தரேன்னு சொல்லியிருக்கார். பண்ணிட்டு, ஓட்டிப் பார்த்துட்டு, அதை இன்னொரு எபிசோட்ல சொல்றேன். உங்க வண்டியில எங்க கசிவுன்னு கண்டுபிடிச்சா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அனுப்பும்போது வண்டி பேரும், டேங்க் எந்தப் பக்கம்ங்கிறதும் மறக்காம சொல்லுங்க.